மரத்தரைக்கு வெள்ளை பூசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை லண்டனில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். நூறு வருஷத்துக்கு மேலான வீடு. பழைய கார்ப்பெட்டை உரித்தெடுத்து, அடியிலிருந்த பைன் பலகைகளை மெஷின் வைத்துத் தேய்த்து, வெள்ளை பூசி முடித்திருந்தார். மரத்தின் ரேகை அப்படியே தெரிய, அதன்மேல் பால் படர்ந்த மாதிரி ஒரு வெள்ளை. அருமையாக வந்திருந்தது. மூலையில் இருந்த வார்னிஷ் டப்பாவைப் பார்த்ததும்தான் எனக்குப் பகீரென்றது. 12 வருஷத்துக்கு முன் நான் வாங்கிய அதே வகை.

மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பதெல்லாம் டப்பாவிலேயே இருக்கும். அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

வெள்ளையின் மேல் எண்ணெய் வார்னிஷ்

என் முதல் அறையில் வெள்ளை எமல்ஷனைச் சரிபாதித் தண்ணீர் கலந்து பூசி, காய்வதற்குள் பழைய வேட்டித் துணியால் துடைத்து எடுத்தேன். நான்கு நாள் வேலை. மேலே பூச வார்னிஷ் கேட்டபோது, "தரைக்கு இதுதான் உறுதி" என்று கடைக்காரர் எண்ணெய் வார்னிஷைக் கொடுத்தார். உறுதி என்பது உண்மைதான். நிறத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூடியைத் திறந்ததும் உள்ளே நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பூசிய அன்றே தரை லேசாக வெண்ணெய் நிறத்துக்கு வந்தது. ஒரு வருஷத்தில் பழைய செய்தித்தாள் மாதிரி ஆகிவிட்டது. சோபாவை நகர்த்தினால் அடியில் இன்னும் கடும் மஞ்சள். வெளிச்சம் படாத இடத்தில்தான் இந்த வார்னிஷ் அதிகமாக மஞ்சளாகும். அதிலுள்ள எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அந்த வேதிவினை காய்ந்த பிறகும் மெதுவாகத் தொடர்வதால் மஞ்சள் ஏறிக்கொண்டே போகும். தேக்கு மாதிரி நிறமான மரத்தில் அது அழகு சேர்க்கும். வெள்ளையில் கறையாகத் தெரியும்.

சரி, அதன்மேலேயே இன்னொரு தடவை வெள்ளை அடித்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நானும் ஒரு மூலையில் செய்து பார்த்தேன். வார்னிஷ் போட்ட மரம் எதையும் உறிஞ்சாது. வெள்ளை மேலோட்டமாக ஒட்டி நின்று, கால் பட்டுப் பட்டு உரிந்துபோனது. கடைசியில் எல்லாவற்றையும் தேய்த்தெடுக்க வேண்டியதாயிற்று. பூசிய வெள்ளை, காகித கனம்கூட இல்லாமல் மரத்தின் மேல்பரப்பில்தான் இருக்கும். வார்னிஷோடு அதுவும் போய்விட்டது. மறுபடி மெஷின் வாடகை, மறுபடி ஒரு வாரம். எனக்கு இன்றும் ஆறாதது பணம் அல்ல, மரம். ஒவ்வொரு தேய்ப்பிலும் பலகை கொஞ்சம் மெலிகிறது. அந்தப் பலகைகளில் மிச்சமிருந்ததில் ஒரு பங்கை நான் வீணாகத் தூளாக்கிவிட்டேன்.

எண்ணெய்க்குப் பதில் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட தரை வார்னிஷ் வாங்குங்கள். டப்பாவில் பால் மாதிரி இருக்கும், காய்ந்தால் நிறமே தெரியாது. மெல்லிசாக மூன்று கோட் கொடுங்கள். அதற்கு முன்னால், அதே தரையிலிருந்து கழித்த ஒரு துண்டுப் பலகையில் தேய்ப்பு, வெள்ளை, வார்னிஷ் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து பாருங்கள். வெறும் வெள்ளையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வார்னிஷ் சரியாக இருந்தாலும் பைன் மரம் வெயில் பட்டுத் தானே மெல்ல மஞ்சளாகும். ஸ்காண்டிநேவிய நாடுகளில் பைன் தரைக்கு முதலில் காரக் கரைசல் பூசி, அப்புறம் வெள்ளைச் சோப்போ வெள்ளை எண்ணெயோ தேய்ப்பது இதற்காகத்தான். அந்தக் காரம் தோலைப் பொசுக்கிவிடும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

அளவுக்கு மீறிய வழவழப்பு

40-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 80 போட்டு, 120-இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் வெள்ளை மரத்தில் பிடிக்காது.

கணுக்களை அப்படியே விடுவது

பைன் கணுவில் பிசின் இருக்கும். சில மாதங்களில் வெள்ளையைத் தாண்டிப் பழுப்பு வட்டமாக மேலே வரும். முன்கூட்டியே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை இரண்டு தடவை தொட்டு வையுங்கள். நம் ஊர் ஆசாரிகள் பாலிஷுக்குக் கரைக்கும் அதே அரக்குதான். ஆனால் கணுவைத் தாண்டி வழிய விடாதீர்கள், அரக்கு பட்ட இடம் வெள்ளையை உறிஞ்சாது.

அறையின் நடுவில் நிறுத்துவது

இரண்டு மூன்று பலகைகளை மட்டும் எடுத்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரே மூச்சில் பூசித் துடையுங்கள். பாதியில் நிறுத்தினால், காய்ந்த ஓரத்தின் மேல் ஈரம் ஏறிப் பட்டையாகத் தெரியும். போன் வந்தால் அடிக்கட்டும்.

பழைய பெயின்ட்

தரையில் பழைய பெயின்ட் இருந்தால், அதில் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்கிறதா என்று சோதிக்காமல் தேய்க்கும் மெஷின் வைக்காதீர்கள்.

எண்ணெய்த் துணி

வெள்ளை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் முக்கி, வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

நண்பர் அந்த டப்பாவை இன்னும் திறக்கவில்லை, ரசீதும் இருந்தது. அன்று சாயங்காலமே போய் மாற்றி வந்தோம். முதலில் ஒரு துண்டுப் பலகையில் பூசி, ஜன்னலோரம் சாய்த்து வைத்திருக்கிறார்.