ரெக்கார்டிங் செட்டாப் பாக்ஸ் வாங்கலாமா?

அழகர் ஆற்றில் இறங்கும் நேரலையைப் பதிந்து வைத்தால், விடிகாலையில் வைகைக்குப் போனவர்களும் வீடு திரும்பி நிதானமாகப் பார்க்கலாம். கிரிக்கெட்டுக்கும் அப்படியே. இதுபோன்ற நேரலைகளுக்காக என்றால் ரெக்கார்டிங் வசதி நிச்சயம் பயன்படும். சீரியலுக்கு மட்டும் என்றால் வேண்டாம். பெரும்பாலான தொடர்கள் சேனல்களின் ஆப்பிலேயே பிறகு கிடைக்கின்றன.

புது பாக்ஸ் வாங்கும் முன், இப்போதிருக்கும் பாக்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி போர்ட்டும், ரிமோட்டில் ரெக்கார்டு பட்டனும் இருந்தால் ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டினாலே போதும் என்ற வாய்ப்பு உண்டு. கஸ்டமர் கேரில் கேட்டு உறுதி செய்யுங்கள். பல பாக்ஸ்கள் டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடும், அதாவது அதில் இருப்பதை எல்லாம் அழித்துவிடும். கல்யாண போட்டோ இருக்கும் டிஸ்க்கை தயவுசெய்து மாட்டாதீர்கள். எச்டி சேனல் மணிக்கு சுமார் 2 முதல் 4 ஜிபி பிடிக்கும். 500 ஜிபி தாராளம். பதிவானது பெரும்பாலும் அந்த பாக்ஸில் மட்டுமே ஓடும். டிஸ்க்கைக் கழற்றி மகள் வீட்டு டிவியில் போட்டால் வராது.

மதுரை டவுன்ஹால் ரோடு கடையோ, உங்கள் தெருக் கேபிள்காரரோ, யாரிடம் வாங்கினாலும் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு சேனலைப் பதியும்போது வேறு சேனலைப் பார்க்க முடியுமா? ஒரே ட்யூனர் (சேனல் சிக்னலைப் பிடிக்கும் பாகம்) உள்ள பாக்ஸில் பொதுவாக முடியாது. வீட்டில் சண்டைதான் வரும்.

இன்னொன்று, இரவில் பிளக் சுவிட்சை அணைக்கும் வீடுகளில் டைமர் வைத்தாலும் பதிவாகாது. கரண்ட் போனாலும் அதே கதி. இன்வெர்ட்டர் இருந்தால் பாக்ஸை அந்த லைனில் கொடுங்கள்.