கர்ப்ப காலத்தில் யூரின் கல்ச்சர்: எப்போது, எப்படிக் கொடுப்பது, ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பது

ஆரம்ப சுகாதார நிலையமோ தனியார் கிளினிக்கோ, கர்ப்பிணிக்கு ஒவ்வொரு செக்கப்பிலும் யூரின் எடுப்பார்கள். அதில் வழக்கமாகப் பார்ப்பது ஆல்புமின் என்ற புரதமும் சர்க்கரையும்தான். கிருமி இருக்கிறதா என்பதை அந்தச் சோதனை காட்டாது. அட்டையில் ‘யூரின் நார்மல்’ என்று எழுதியிருப்பதை வைத்து, தொற்று இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. அதற்கு ‘யூரின் கல்ச்சர் அண்ட் சென்சிட்டிவிட்டி’ (சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) என்று டாக்டர் தனியாக எழுதித் தர வேண்டும். எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

‘எரிச்சலும் இல்லை, கடுப்பும் இல்லை, எதற்கு டெஸ்ட்?’ என்று வீட்டில் கேட்பார்கள். கர்ப்பிணிகளில் 100-க்கு 2 முதல் 10 பேருக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி இருக்கும். கவனிக்காமல் விட்டால், அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தொற்று சிறுநீரகம்வரை ஏறும். குளிர்காய்ச்சல், வாந்தி, ஊசி மருந்துக்காக அட்மிஷன், சிலருக்குக் குறைமாதப் பிரசவம் என்று அது நீளும். கர்ப்பத்தில் மட்டும் ஏன் இப்படி? புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கர்ப்பப்பை பெரும்பாலும் வலப்பக்கம் சாய்ந்து அந்தக் குழாயை அழுத்துகிறது. சிறுநீர் தேங்கும் இடத்தில் கிருமி பெருகும். இந்தத் தொற்றில் வலப்பக்க விலாவின் கீழ் வலி அதிகம் வருவதும் அதனால்தான்.

முதல் செக்கப்பிலோ 12 முதல் 16 வாரத்துக்குள்ளோ ஒருமுறை கல்ச்சர் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கல், முன்பு அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த வரலாறு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மறுபடி எப்போது என்று அவர் முடிவு செய்வார். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கல்ச்சர் வசதி இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கும் வழியில்லாத இடத்தில், பட்டையை நனைத்துப் பார்க்கும் டிப்ஸ்டிக்கைவிட கிராம் சாயச் சோதனை (சிறுநீரில் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் கிருமியைத் தேடுவது) மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 பரிந்துரை. டிப்ஸ்டிக்கில் நைட்ரைட் (கிருமிகள் சிறுநீரில் உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள்) கட்டம் நிறம் மாற, சிறுநீர்ப்பையில் சிறுநீர் நான்கு மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும். அடிக்கடி பாத்ரூம் போகும் கர்ப்பிணிக்கு அது எங்கே நடக்கும்? சில வகைக் கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை.

சாம்பிள் எடுக்கும் விதம்

கல்ச்சர் கெட்டுப்போவது பெரும்பாலும் லேபில் அல்ல, பாத்ரூமில். லேப் தரும் ஸ்டெரைல் டப்பா மட்டுமே வேண்டும். வெந்நீரில் கழுவிய மாத்திரை டப்பா உதவாது. ஆன்டிபயாட்டிக் ஒரு மாத்திரை போடுவதற்கும் முன்பே சாம்பிள் கொடுத்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி இரண்டு வேளை போட்டிருந்தால்கூட, கிருமி இருந்தும் ‘நோ குரோத்’ (கிருமி வளரவில்லை) என்று ரிப்போர்ட் வரலாம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. டெஸ்டுக்காக ஒரு பாட்டில் தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டுப் போகாதீர்கள். சிறுநீர் நீர்த்துப்போய்க் கிருமி எண்ணிக்கை குறைவாகக் காட்டும்.

முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னோக்கிக் கழுவித் துடையுங்கள். டெட்டால் வேண்டாம், அது டப்பாவில் சொட்டினால் கிருமியைக் கொன்று ரிசல்ட்டையே மாற்றிவிடும். மூடியைக் கழற்றி, உட்பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். டப்பாவின் உள்ளே விரல் படக் கூடாது. இடது கை விரல்களால் பிறப்புறுப்பின் உதடுகளை விலக்கிப் பிடித்து, சாம்பிள் பிடித்து முடியும்வரை கையை எடுக்காதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் முட்டிகளை நன்றாக அகட்டி உட்காருங்கள். முதலில் வருவதை டாய்லெட்டில் விடுங்கள், அது வழியில் ஒட்டியிருக்கும் தோல் கிருமிகளை அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டத்தை நிறுத்தாமல் டப்பாவை நீட்டி 20, 30 மில்லி பிடியுங்கள். கடைசிச் சொட்டுகள் விழும் முன்பே டப்பாவை எடுத்து மூடிவிடுங்கள். வயிறு பெரிதாகிக் குனிய முடியாதவர்கள் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

அடுத்தது நேரம். வெதுவெதுப்பான சிறுநீரில் ஈ.கோலை கிருமி சுமார் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகக்கூடியது. நம் ஊர் வெயிலில் பையில் கிடக்கும் டப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. அப்படி வைத்தால் 24 மணி நேரம்வரை தாங்கும். பஸ் பிடித்துப் போக வேண்டிய தூரம் என்றால், கிருமி பெருகாமல் தடுக்கும் போரிக் அமிலம் போட்ட டப்பா கிடைக்குமா என்று லேபில் கேளுங்கள். அதில் கோடுவரை நிரப்ப வேண்டும்; குறைத்துப் பிடித்தால் அமிலத்தின் செறிவு கூடி, இருக்கிற கிருமியும் செத்துவிடலாம்.

ரிப்போர்ட் வந்ததும்

இரண்டு மூன்று நாளில் வரும். ஒரே வகைக் கிருமி, ஒரு மில்லிக்கு 1,00,000 அல்லது அதற்கு மேல் என்றால் தொந்தரவு இல்லாவிட்டாலும் சிகிச்சை வேண்டும். ‘மிக்ஸ்டு குரோத்’ (பல கிருமிகள் கலந்து வளர்ந்தது) என்று இருந்தால் தோல் கிருமி கலந்துவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். மருந்துக்கு அவசரப்படாமல் திரும்பச் சாம்பிள் கொடுங்கள். சாதாரண யூரின் டெஸ்டில் ‘பஸ் செல்ஸ்’ (சீழ் செல்கள்) 8, 10 என்று இருப்பதை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், வெள்ளைப்படுதல் கலந்தாலே அது ஏறும். 1,00,000 என்ற கணக்குக்கு ஒரே விதிவிலக்கு குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. அது எந்த அளவில் வந்தாலும் தாய்-சேய் நல அட்டையில் குறித்து வையுங்கள். பிரசவ வலி வந்ததும் ஊசி மூலம் ஆன்டிபயாட்டிக் தர வேண்டியிருக்கும்.

சென்சிட்டிவிட்டி பட்டியலில் ஒரு மருந்துக்கு நேரே ‘எஸ்’ இருந்தால் அந்தக் கிருமி அதற்கு அடங்கும் என்று பொருள். கர்ப்பிணிக்கு ஏற்றது என்று பொருளல்ல. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்றவை பொதுவாகத் தவிர்க்கப்படுபவை. செஃபாலெக்சின், நைட்ரோஃபுரான்டாய்ன், 3 கிராம் ஒரே வேளையாகக் கரைத்துக் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் ஆகியவை டாக்டர்கள் அதிகம் எழுதுபவை. இதில் நைட்ரோஃபுரான்டாய்ன் பிரசவம் நெருங்கும் வாரங்களுக்கும், ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கும் ஒத்துவராது. மாத்திரை கோர்ஸ் பொதுவாக 5 முதல் 7 நாள். ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்று மூன்றாம் நாளே நிறுத்துகிறவர்கள் அதிகம். முதலிலிருந்தே அறிகுறி இல்லாத தொற்றில் ‘சரியாகிவிட்டது’ என்று உடம்பை வைத்துச் சொல்ல முடியாது. முடித்த ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி கல்ச்சர் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்லி தண்ணீரும் இளநீரும் தாராளமாகக் குடிக்கலாம், சர்க்கரை இருப்பவர்கள் இளநீரை அளவோடு. மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

குளிர் நடுக்கத்தோடு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், விலாவில் அல்லது முதுகில் வலி, மாத்திரையே தங்காத அளவு வாந்தி, வயிறு விட்டுவிட்டு இறுகுவது — இவற்றில் எது வந்தாலும் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரவானால் 108-ஐக் கூப்பிடுங்கள்.