ஸ்பானியத்தின் 'சே' வினைகளைத் தமிழ் வழியே அணுகுதல்

ஸ்பானியம் கற்கத் தொடங்குபவர் 'லெவன்த்தார்', 'லெவன்த்தார்சே' என்னும் இரு வடிவங்களைக் கண்டதும், ஆங்கிலப் பாடநூலைப் பின்பற்றி இரண்டாவதற்குத் 'தன்னைத் தானே எழுப்புதல்' என்று பொருள்கொண்டு குழம்ப நேரிடுகிறது. அந்தச் சுற்றுவழி நமக்குத் தேவையில்லை. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைப் பாகுபாடே பெரும்பாலும் போதும். லெவன்த்தார் என்றால் எழுப்புதல், லெவன்த்தார்சே என்றால் எழுதல். காப்பியை நாம் ஆற்றினால் 'என்ஃப்ரியார்'. அது தானாக ஆறினால் 'எல் கஃபே சே என்ஃப்ரீயா'. எழு, எழுப்பு என்று தமிழ் பிறவினைக்கு அடையாளம் சேர்க்க, ஸ்பானியம் தன்வினைக்குச் 'சே' என்னும் சொல்லைச் சேர்க்கிறது என்பதே வேறுபாடு.

வேறு சில இடங்களில் 'கொள்' என்னும் துணைவினை கைகொடுக்கும். லவார் கழுவுதல், லவார்சே கழுவிக்கொள்ளுதல். ஆனால் 'பேசிக்கொண்டிருந்தான்' என்பதில் வரும் 'கொண்டு' தொடர்ச்சியைக் குறிப்பதால், அதற்கும் சேவுக்கும் தொடர்பில்லை.

எழுவாய்க்கு ஏற்ப இந்த 'சே' மாறும்: நான் என்றால் மே, நீ என்றால் தே, நாங்கள் என்றால் நோஸ், அவன், அவள், அவர்கள் ஆகியோருக்கும், ஒருவரை மரியாதையாக அழைக்கும் உஸ்தேத், பலரை அழைக்கும் உஸ்தேதெஸ் இரண்டுக்கும் சே. ஸ்பெயினில் நெருங்கியவர்களைப் பன்மையில் அழைக்கும்போது வரும் 'ஓஸ்', லத்தீன் அமெரிக்கப் பேச்சில் வழங்குவதில்லை.

இச்சொல் நிற்கும் இடம்தான் கூடுதல் கவனம் கேட்பது. காலமும் எழுவாயும் காட்டும் வினைக்கு முன்னால் தனியாக நிற்கும்: மே லெவன்த்தோ (எழுகிறேன்). லெவன்த்தார் போன்ற மூல வடிவத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே 'எழப்போகிறேன்' என்பதை 'வோய் அ லெவன்த்தார்மே' என்றும், 'மே வோய் அ லெவன்த்தார்' என்றும் சொல்லலாம். ஏவலில் பின்னால் ஒட்டும், விலக்கலில் முன்னால் போய்விடும்: மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்துப் படியில் பயணிகளை உட்காரச் சொல்லும் வழிகாட்டி 'சியென்த்தென்சே' என்பார், உட்கார வேண்டாமென்றால் 'நோ சே சியென்த்தென்' என்பார். அவரே வாசலில் காலணிகளைக் கழற்றச் சொல்லும்போது 'கீத்தென்சே லோஸ் சபாத்தோஸ்' என்றால் போதும். 'உங்கள்' என்பதற்கான சொல் அங்கே வராது. 'கையைக் கழுவினேன்' என்று நாமும் 'என்' இல்லாமல்தானே சொல்கிறோம்!

சில வினைகள் எந்த விதிக்கும் பிடிகொடுப்பதில்லை. குறைகூறுதலைக் குறிக்கும் 'கெஹார்சே' எப்போதும் சேயுடனே வரும். 'இர்' போதல் என்றால், 'இர்சே' இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுதல். இவற்றை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டும்.