மலைநாட்டில் சுவர் ஓவியம்: ஈரத்தைப் பாருங்கள், பெயின்ட் அப்புறம்

சுவர் ஓவியம் கற்றுத்தரும் வீடியோக்களில் முக்கால்வாசி காய்ந்த சுவரில்தான் எடுத்தவை. இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ அப்படி ஒரு சுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் தெருச் சுவர்களில் படம் தீட்டினார்களே, அதைப் பார்த்து ஆசைப்பட்டு இன்னும் தொடங்காமல் இருப்பவர்களுக்கு இது. கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்கத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அனுமதி. லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) சுவர் என்றால் தோட்ட நிர்வாகம், பொதுச் சுவர் என்றால் அதற்குப் பொறுப்பான சபை. எழுத்தில் வாங்குங்கள்.

காலம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பதுளை, பண்டாரவளையில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. பத்து பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் எமல்ஷன் (தண்ணீர் கலந்து பூசும் பெயின்ட்) சரியாகப் படலம் கட்டாது. அதனால் நுவரெலியாவில் சாயங்காலம் பிரஷ் எடுக்காதீர்கள்.

சுவர்ச் சோதனை. எனக்கு அதிகம் வேலை வைத்த படி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கை வெள்ளையானால் அது பழைய சுண்ணாம்பு. லயங்களில் வருடா வருடம் அடித்து அடித்துத் தடித்திருக்கும். அதன் மேல் எமல்ஷன் பூசினால் சுவரைப் பிடிக்காது, அந்தத் தூளைத்தான் பிடிக்கும். பிறகு அப்பளம் மாதிரி முழுசாகக் கழன்று வரும். கம்பி பிரஷால் உதிர்வதையெல்லாம் சுரண்டி, கழுவி, காயவிட்டு, வெளிச்சுவர் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கை பூசுங்கள். பாசி இருந்தால் முதலில் பிளீச் கலந்த தண்ணீர் அடித்து, அது செத்த பிறகு தேயுங்கள். உயிரோடு இருக்கும் பாசியை மூடினால் அது பெயின்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

அடுத்து, ஒரு அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் உரித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பின்னால் மண்மேடு உள்ள அணைச்சுவர்கள் எல்லாம் இப்படித்தான். அங்கே எமல்ஷன் கொப்புளம் போடும், எந்தப் பிராண்டும் காப்பாற்றாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் 28 நாள் விடுங்கள்.

பெயின்ட். என் தெரிவு: வெளிச்சுவர் வெள்ளை எமல்ஷன் ஒரு பெரிய டின், கூடவே அதில் கலந்து நிறமாக்கும் ஸ்டெய்னர் போத்தல்கள். ஐந்தாறு நிறம் போதும். மேட்டுநில வெயிலில் பளீர் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளிறும். காவிச் சிவப்பு நிற்கும்.

ஸ்ப்ரே டின். விலை அதிகம், கோடு போடவும் ஸ்டென்சிலுக்கும் (உருவம் வெட்டிய அட்டை அச்சு) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அழுத்தம் குறைந்து துப்பும்; வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகும். கொதிநீர் வேண்டாம், வெடிக்கும். வேலை முடிந்ததும் டின்னைக் கவிழ்த்து, காற்று மட்டும் வரும்வரை அழுத்தினால் மூக்கு அடைக்காது. துணி மாஸ்க் கரைப்பான் ஆவியைத் தடுக்காது, ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ளது வாங்குங்கள்.

ஸ்டென்சில். 1981 இல் பாரிஸில் தெரு ஓவியர் பிளெக் லெ ரா எலிப் படங்களை இப்படித்தான் அடித்தார். மாட்டிக்கொள்ளாமல் முடிக்க அவசரம். நமக்கு அவசரம் பனிமூட்டத்தால். பழைய எக்ஸ்ரே பிலிம்தான் என் முதல் தெரிவு, மட்டை நனைந்தால் சுருளும். தமிழ் எழுத்து வெட்டுகிறவர்கள் கவனம்: ட, ப தொல்லை தராது. க, ண போன்றவற்றின் வளையத்துக்குள் இருக்கும் துண்டு கழன்று விழும், மெல்லிய பாலம் விட்டு வெட்டுங்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூன்று மெல்லிய தூவல். ஒரே தடவையில் நனைத்தால் அடியில் கசியும்.

பசைத்தாள் ஒட்டுதல். படத்தைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டும் முறை. பசைக்கு ஒரு பங்கு கோதுமை மா, நாலு பங்கு தண்ணீர், கட்டி விழாமல் காய்ச்சுங்கள். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சிக்குத் துருசு சேர்ப்பார்கள். அது நஞ்சு, சமையல் பாத்திரம் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மழைச் சரிவுகளில் தாள் அதிக நாள் தாங்காது. கூரை இறக்கத்துக்கு அடியில் என்றால் முயன்று பார்க்கலாம்.

பிற்சேர்க்கை: ஈர அணைச்சுவர். இதைப் பலரும் கேட்டுவிட்டார்கள். நீர்த்த சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து, சீமெந்துத் தரைக்குப் போடும் ரெட் ஒக்சைட், மஞ்சள் ஒக்சைட் கலந்து தீட்டுங்கள். இது ஈரத்தை வெளியே விடும். சுவரை நனைத்துவிட்டுத்தான் பூசவே வேண்டும்! ஏற்கெனவே பெயின்ட் பூசிய சுவருக்கு ஆகாது. ஒக்சைட் சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தூளாகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், கண்ணில் பட்டால் சுண்ணாம்பு புண்ணாக்கும். காயும்போது நிறம் நன்றாக வெளிறும், அதனால் மூலையில் ஒரு கையளவு பூசிப் பார்த்து, மறுநாள் நிறம் பிடித்திருந்தால் மீதியைக் கலக்குங்கள்.