ஆப்பில் தேடுவதா, நேரில் பார்ப்பதா? இரண்டையும் செய்து பார்த்தவள் சொல்கிறேன்

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 34 வயதில் டேட்டிங் ஆப்பில் சேர்ந்தேன், இரண்டு வருடம் இருந்தேன். அதன் வழியாக 11 பேரை நேரில் சந்தித்தேன். ஒருவரோடு எட்டு மாதம் பழகிவிட்டுச் சண்டையில்லாமல் பிரிந்தேன். இப்போது என்னோடு இருப்பவரைப் பார்த்தது ஆப்பில் இல்லை, ஷட்டில் கோர்ட்டில். அதற்காக ஆப்பே வீண் என்று சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் வேறு வேறு வேலை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்டு ஏமாந்தவள் நான்.

ஆப்பின் வேலை அறிமுகம் செய்துவைப்பது, அவ்வளவுதான். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2017-ல் சந்தித்துக்கொண்ட அமெரிக்க ஆண்-பெண் ஜோடிகளில் ஏறக்குறைய 39 சதவீதம் பேர் இணையம் வழியே அறிமுகமானவர்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் குழு 2019-ல் எழுதியது. நண்பர்கள் மூலம் சந்தித்தவர்களைவிட அது அதிகம். ஆனால் ஆப் காட்டும் பொருத்தச் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். எலி ஃபிங்கலும் சில உளவியலாளர்களும் 2012-ல் அலசிப் பார்த்து, இந்தப் பொருத்தக் கணக்குகள் மற்ற வழிகளைவிட நன்றாக வேலை செய்கின்றன என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றார்கள்.

அப்போ ஆப் எதற்கு உதவும்? கேட்டால் பதில் வரும் விஷயங்களுக்கு. குழந்தை வேண்டுமா, புகைப்பாரா, ஊர் மாறத் தயாரா. நேரில் பழகிய ஒருவருக்குக் குழந்தையே வேண்டாம் என்று எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது. ஆப்பில் அது ஒரு வரி. ஆகவே பயோவில், அதாவது உங்களைப் பற்றிய அறிமுகக் குறிப்பில், விட்டுக்கொடுக்க முடியாத இரண்டு மூன்றை எழுதுங்கள். நான் எழுதியவை: குழந்தை வேண்டும், சிகரெட் ஆகாது, இரவு பதினொன்றுக்கு மேல் முழித்திருக்க மாட்டேன். அதிகம் பேர் பதில் போட்டது மூன்றாவதற்குத்தான்.

படம் இந்த வருடத்தில் எடுத்ததாக இருக்கட்டும். என்னுடையது நான்கு வருடப் பழசு. முதல் சந்திப்பில் பூங்கா வாசலில் நிற்கிறேன், அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து, போனைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி போனைப் பார்த்தார். அந்த மூன்று பார்வைக்குப் பிறகு என்ன பேசி என்ன? எதிராளி உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டிருந்தால் பெரிதுபடுத்த வேண்டாம். 2008-ல் வந்த ஓர் ஆய்வில் 80 பேரின் உயரம், எடை, வயதைச் சரிபார்த்தார்கள். பத்தில் எட்டு பேர் ஏதாவது ஒன்றில் பொய் சொல்லியிருந்தார்கள், பெரும்பாலும் சின்னச் சின்னப் பொய்.

பெரிய ஆபத்து சாட்டில் இருக்கிறது. ஒருவர் தினமும் பக்கம் பக்கமாக எழுதுவார். அழகாக எழுதுவார். ஏழு வாரம் அதிலேயே மிதந்தேன். நேரில் உட்கார்ந்தபோது நாற்பது நிமிடத்தில் பேச்சு வற்றிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. எழுத்தில் அவர் விட்ட இடைவெளிகளை எல்லாம் எனக்குப் பிடித்த மாதிரி நானே நிரப்பியிருந்தேன். ஜோசஃப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996-லேயே இதை விளக்கிவிட்டார். நான் அதைப் படித்தது இந்தக் கூத்துக்கு அப்புறம்.

அதிலிருந்து என் விதி பத்து நாள். அதற்குள் கால் மணி நேர வீடியோ கால், சரிப்பட்டால் ஒரு மணி நேரச் சந்திப்பு. ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள், நீங்களாகவே போய் நீங்களாகவே திரும்புங்கள், லைவ் லொகேஷனை ஒரு தோழிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். ஒவ்வொரு முறையும் கேமரா ரிப்பேர் என்பவரை விட்டுவிடுங்கள். நேரில் பார்க்காத ஒருவருக்கு எந்தக் காரணத்துக்கும் பணம் அனுப்பக் கூடாது. முதலீட்டு யோசனை சொன்னால் அன்றைக்கே பிளாக்.

நேரில் தேடுவது வேறு கதை. ஒருநாள் கூத்தாக நடக்கும் சந்திப்பு நிகழ்ச்சிகளுக்குப் போய் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கும் முகம் மெல்லப் பிடித்துப்போகும் என்பதை ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஆகவே வாரா வாரம் அதே நாள், அதே ஆட்கள் கூடும் இடமாகப் பிடியுங்கள். பாட்டு வகுப்போ, மலையேற்றக் குழுவோ, எதுவானாலும் யாரும் கிடைக்காவிட்டாலும் நீங்கள் தொடர்ந்து போகிற ஒன்றாக இருக்க வேண்டும்.

இங்கே கிடைக்கும் பெரிய லாபம், யாரும் உங்களுக்காக நடிக்காத நேரத்தில் அவர்களைப் பார்க்கலாம். ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம். நாங்கள் 20, எதிரில் இப்போது என்னோடு இருப்பவரின் அணி 19. நான் அடித்த ஷட்டில் பின்கோட்டை ஒட்டி விழுந்தது. அவருடைய பார்ட்னர் "வெளியே" என்று கத்திவிட்டார். எங்கள் பக்கம் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. இவர் குனிந்து ஷட்டிலை எடுத்துக்கொண்டே, "இல்லை, உள்ளேதான். உங்க பாயிண்ட்" என்றார். அதோடு அவர்கள் தோற்றார்கள். பார்ட்னர் முறைத்தபோது தண்ணீர் பாட்டிலை அவரிடமே நீட்டினார். எந்த பயோவில் இதை எழுத முடியும்?

கேட்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். ஆப்பில் வேண்டாம் என்றால் ஆள் காணாமல் போய்விடலாம். இங்கே அடுத்த செவ்வாய் முகம் பார்க்க வேண்டும். ஆகவே மறுக்க வழி வைத்தே கேளுங்கள், கூட்டத்துக்கு நடுவே கேட்காதீர்கள், ஒரு முறை மட்டும் கேளுங்கள். நான் பையை மாட்டிக்கொண்டே சொன்னது இது: "சனிக்கிழமை சாயங்காலம் நடக்கப் போறேன், வர்றீங்களா? வர முடியலைன்னாலும் செவ்வாய்க்கிழமை ஆட்டம் இருக்கு." யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் பதில் அனுப்பினார்.

ஆப்பில் பழகிய பழக்கம் ஒன்று மிச்சமிருந்தது. இரண்டாவது நடையிலேயே என் மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுவிட்டேன். "இன்டர்வியூவா?" என்று சிரித்துவிட்டு, மூன்றுக்கும் பதில் சொன்னார். குழந்தை வேண்டுமாம், சிகரெட் இல்லையாம். ராத்திரி ஒரு மணிக்கு முன்னால் தூக்கம் மட்டும் வராதாம்.