இன்டிசைனிலிருந்து ஈபப்: எக்ஸ்போர்ட் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

அச்சுக்காக இன்டிசைன் என்ற அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கிய புத்தகத்தை ஈபப் என்ற மின்னூல் கோப்பாக்க, எக்ஸ்போர்ட் கொடுத்தால் போதும் என்றுதான் தோன்றும். கொடுத்தால் கோப்பும் வந்துவிடும். திறந்து பார்த்தால் அத்தியாயத் தலைப்பு, உபதலைப்பு, பத்தி எல்லாம் ஒரே 'பி' டேக்குக்குள் கிடக்கும். டேக் என்பது இது தலைப்பு, இது பத்தி என்று மின்னூலுக்குச் சொல்லும் குறி; 'பி' என்றால் சாதாரணப் பத்தி. 20 புள்ளியில் தடித்திருப்பது தலைப்பு என்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. மென்பொருளுக்கு அது இன்னொரு பத்தி, அவ்வளவுதான். ஸ்டைலை, அதாவது பெயரிட்டுச் சேமித்துவைத்த வடிவமைப்பை வைத்துத்தான் அது டேக் போடும்.

படி 1: எழுத்துரு

தமிழ்ப் புத்தகம் என்றால் முதல் வேலை இதுதான். டைப் மெனுவில் ஃபைண்ட்/ரீப்ளேஸ் ஃபான்ட் (பழைய பதிப்புகளில் ஃபைண்ட் ஃபான்ட்) போய்ப் பட்டியலைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துரு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பாமினியில் 'அ' என்று தெரிவது உள்ளே ஆங்கிலச் சின்ன 'எம்'. ஈபப்பில் அந்த எழுத்துரு இல்லாமல் போனால், 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். எழுத்துருவைக் கூடவே அனுப்பினாலும் வாசகரால் நூலுக்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது.

ஆகவே, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றி மென்பொருள்கள் நிறைய உண்டு. ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். அவற்றை விலக்கிவிட்டு மாற்றுங்கள், அப்புறம் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். இன்டிசைன் பக்கத்தில் கொம்பு இடம் மாறித் தெரிந்தால், பாரகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் கம்போசரை (வரிகளை அமைக்கும் முறை) அடோபி வேர்ல்டு-ரெடி பாரகிராஃப் கம்போசர் என்று வையுங்கள்.

படி 2: ஸ்டைல்

தலைப்பு, உபதலைப்பு, பத்தி, மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் தனி பாரகிராஃப் ஸ்டைல் (முழுப் பத்திக்கான ஸ்டைல்). வரிக்குள் தடித்த சொல் இருந்தால் அதற்குக் கேரக்டர் ஸ்டைல் (பத்திக்குள் சில எழுத்துகளுக்கு மட்டுமான ஸ்டைல்). ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி தெரிந்தால், அந்த இடத்தில் யாரோ கையால் எதையோ மாற்றியிருக்கிறார்கள். அவசரத்தில் அச்சுக்குப் போன புத்தகங்களில் இந்தக் குறி இல்லாத பக்கமே இருக்காது!

படி 3: டேக்

பாரகிராஃப் ஸ்டைல்ஸ் பேனலின் மெனுவில் எடிட் ஆல் எக்ஸ்போர்ட் டேக்ஸ். அத்தியாயத் தலைப்புக்கு எச்1, உபதலைப்புக்கு எச்2 என்ற தலைப்பு டேக்குகள், பத்திக்கு பி. டேக்கோடு சேரும் கிளாஸ் என்ற அடையாளப் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் கொடுங்கள். எச்1 வரிசையில் ஈபப்பைப் பிரிக்கும் பெட்டியை டிக் செய்தால் ஒவ்வோர் அத்தியாயமும் தனிக் கோப்பாகும்.

படி 4: படங்கள்

தனியாக மிதக்கும் படம், தொடர்ந்து ஓடும் உரை முழுவதும் முடிந்தபிறகுதான் வரும். 40ஆம் பக்கத்துப் படம் புத்தகத்தின் கடைசியில் போய் உட்காருவது இதனால்தான். படச்சட்டத்தின் மேல் ஓரத்தில் உள்ள நீலச் சதுரத்தைப் பிடித்து, படம் வர வேண்டிய பத்திக்கு இழுத்து விடுங்கள். அங்கேயே நங்கூரம் போட்டுக்கொள்ளும். அட்டைக்குப் பின் எது, அதற்குப் பின் எது என்று வரிசைப்படுத்த ஆர்ட்டிகிள்ஸ் பேனல் இருக்கிறது.

படி 5: எக்ஸ்போர்ட்

ஃபைல், எக்ஸ்போர்ட், ஈபப் ரீஃப்ளோவபிள் (திரைக்கு ஏற்ப வரிகள் மாறி ஓடும் வகை). பதிப்பு 3.0. வரிசை என்ற இடத்தில் ஆர்ட்டிகிள்ஸ் பேனல்படி. மின்னூலின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் பகுதியில் பிரிசர்வ் லோக்கல் ஓவர்ரைட்ஸ் என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் ஸ்டைலை மீறிக் கையால் செய்த மாற்றங்கள் கோப்பைக் குப்பையாக்காது. நூலின் பெயர், ஆசிரியர் விவரங்களை மெட்டாடேட்டாவில் நிரப்புங்கள்.

சரி, இப்போது சோதனை. ஈபப் என்பது உள்ளே ஒரு ஜிப் கோப்புதான். ஒரு பிரதி எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றி விரித்து, ஓர் அத்தியாயத்தை நோட்பேடில் திறந்து பாருங்கள். தலைப்பு எச்1-க்குள் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் கோப்பில் கை வைக்க வேண்டாம். அடுத்த எக்ஸ்போர்ட்டில் திருத்தம் காணாமல் போகும். இன்டிசைனுக்குத் திரும்பி ஸ்டைலைச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுங்கள். பிறகு ஈபப் கோப்பில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் ஈபப்செக் என்ற இலவசக் கருவியில் ஓட்டி, பிழை எதுவும் காட்டாத பிரதியைக் கடைகளுக்கு ஏற்றலாம்.