வீட்டுக்காரரின் அம்பாசடரை நாமே பராமரிப்பது எப்படி?

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை முடங்கிய பிறகு, அவருடைய 1985 மாடல் அம்பாசடர் மார்க் 4 என் பொறுப்புக்கு வந்தது. வித்துடுங்க என்று சொன்னவர்கள் நிறைய பேர். எனக்கு மனசில்லை. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் இது, பொறுமை இருந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம். கார் ஓட்டவும் பானெட் திறக்கவும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். சோக்கை (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் குமிழ்) எவ்வளவு இழுக்கணும், எந்தச் சத்தம் வழக்கமானது, எதைக் கேட்டால் உடனே நிறுத்தணும், பழைய பேன் பெல்ட்டும் கண்டென்சரும் எந்த டப்பாவில் இருக்கு என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். இவருக்குப் பேச்சு குழறும், அதனால் சாயங்காலம் காப்பி குடிக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்டேன். எந்த மெக்கானிக்கிடமும் கிடைக்காத விஷயங்கள் அவை.

அடுத்தது நிறுத்தும் இடம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, வண்டி காய்கிற மாதங்களே குறைவு. தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். காற்று புகும் துணி உறைதான் சரி. தென்னைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும், அவற்றை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு வாரக்கணக்கில் விட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், சக்கரத்துக்குக் கட்டை வைத்து கியரில் போட்டு விடுங்கள்.

வாரம் ஒரு முறையாவது ஓட்டணும். முற்றத்திலேயே ஸ்டார்ட் செய்து அஞ்சு நிமிஷத்தில் அணைப்பது ஓட்டாமல் இருப்பதைவிடக் கெடுதல், சைலன்சருக்குள் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம். நான் விடியற்காலையில் பார்வதிபுரத்தில் இருந்து வில்லுக்குறி வழியாகத் தக்கலை வரை போய்த் திரும்புவேன், இவர் பக்கத்து சீட்டில் இருப்பார்.

சரி, என்னை ரொம்பத் திணறடித்த இடத்துக்கு வருவோம், பாயின்ட் கேப். ஸ்பார்க் வருவதற்காகத் திறந்து மூடும் இரண்டு முனைகள்தான் பாயின்ட், அவற்றின் இடைவெளிதான் கேப். செல்ப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. "பாயின்ட்டப் பாருட்டி" என்றார் இவர். சாவியை அணைத்துவிட்டு, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள், பாயின்ட் அதற்குள்தான் இருக்கு. உள்பக்கம் ஈரம் இருந்தால் துடையுங்கள், மழைக்காலத்தில் பல நேரம் வேலை இதோடு முடிந்துவிடும். முடியவில்லையா, சமதரையில் வண்டியை நாலாவது கியரில் போட்டு ஒருவரை மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். இன்ஜினோடு சேர்ந்து நடுவில் சுற்றும் கேம் என்ற தண்டின் முனை பாயின்ட்டை முழுசாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லணும், கொஞ்சம் தள்ளிப்போனாலும் அளவு தப்பாக வரும். அந்த இடைவெளியில் 15 என்று எழுதிய, அதாவது 0.015 இஞ்ச், பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) தகடு லேசாக உரசிப் போகவேண்டும். இல்லையென்றால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பாயின்ட் தட்டை நகர்த்தி, இறுக்குங்கள். கவனிக்க வேண்டியது இங்கேதான்: இறுக்கும்போது தட்டு நகர்ந்து கேப் மாறிவிடும். அதனால் இறுக்கிய பிறகு கண்டிப்பாக மறுபடி அளக்கணும், சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப. கடைசியாக, கேஜ் தகட்டில் உள்ள எண்ணெய் பாயின்ட்டில் ஒட்டினால் ஸ்பார்க் வராது, சுத்தமான வெள்ளை அட்டையை நடுவில் விட்டு இழுத்துத் துடைத்துவிட்டு மூடுங்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் நான் கறார். இந்த வண்டிக்கு இஞ்ச் அளவு ரிங் ஸ்பேனர்தான். அரை இஞ்ச் என்பது 12.7 எம்எம், 13 எம்எம் ஸ்பேனரைப் போட்டால் போல்ட்டின் முனை மழுங்கும். வாயைத் திருகிப் பெரிசாக்கிச் சிறிசாக்கும் ஸ்க்ரூ ஸ்பேனரை வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

ஆர்சி முதல் 15 வருஷத்துக்கு, அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், படிவம் 25. டிஎன் 74 ஆர்டிஓ ஆபீஸ் என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம். 2021-இல் வந்த விண்டேஜ் பதிவைச் சிலர் கேட்கிறார்கள். அது 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு, அதை எடுத்தால் அன்றாடம் ரோட்டில் ஓட்டவும் முடியாது. வாரம் ஒரு ஓட்டம் வேண்டும் என்பவர்களுக்கு அது சரிப்படாது.

பின்சேர்க்கை: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிக் கருத்துகளில் பலர் கேட்டிருந்தீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். பெட்ரோல் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

இன்னொன்று, குளச்சல் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டது: கடற்கரை ரோட்டில் போய் வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், வீல் ஆர்ச்சின் உள்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கழுவியதும் பிரேக் பிடிக்காமல் வழுக்கும், அதனால் தெருவிலேயே மெதுவாக ஓட்டி, லேசாக மிதித்து மிதித்து டிரம்மைக் காயவைத்த பிறகு ஷெட்டில் விடுங்கள்.